கமிஷன் சுட்டி போட்டால் கூகுளாண்டவர் கோபிப்பாரா?

போன வாரம் மட்டும் மூணு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மச்சி, சைட்டுல அமேசான் லிங்க் போட்டா கூகுள்ல கீழ தள்ளிடுவானாமே, நிசமாவா?" மூணு பேருக்கும் டீக்கடையில் வைத்துத் தனித்தனியாக விளக்கியதில் எனக்கு மூணு டீ லாபம். நாலாவது ஆளிடமும் டீ வாங்கிக் குடிக்கலாம்தான், ஆனால் மாடல் எக்ஸாம் வருகிறது. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அவசரக்காரர்களுக்கு ஒரு வரி: சுட்டி போட்டதற்காகத் தள்ள மாட்டார். சுட்டியைத் தவிர பக்கத்தில் வேறொன்றும் இல்லையென்றால் தள்ளுவார். இது போதும் என்பவர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

எனக்கு ஏன் இதில் அக்கறை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக ஒரு சின்ன தளம் நடத்துகிறேன். முதலாமாண்டு எஞ்சினியரிங் சேருகிறவர்களுக்கு என்னென்ன வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்பதுதான் விஷயம். கால்குலேட்டர், மினி டிராஃப்டர், லேப் கோட், பூட்டு, பக்கெட் என்று ரொம்ப உயர்ந்த இலக்கியம் எல்லாம் அதில் இருக்கும். :-) அதில் வருகிற கமிஷன், நல்ல மாதத்தில் பாதி மெஸ் பில்லைக் கட்டும். மோசமான மாதத்தில் டாப்-அப்புக்குக்கூடப் பத்தாது. அப்பாவிடம் கேட்காமல் கட்டுகிற பாதி பில் என்பதால், கூகுளில் நம்ம பக்கம் ரெண்டாம் பக்கத்துக்குப் போனால் வயிறு நிஜமாகவே கலங்கும்.

இந்தத் தரகு வேலை ஒன்றும் புதுசு இல்லை. அமேசான் இதை ஆரம்பித்தது 1996-ல். உங்கள் தளத்தில் இருந்து ஒருத்தர் சுட்டியைத் தட்டிப் போய்ப் பொருள் வாங்கினால் உங்களுக்கு ஒரு பங்கு. தட்டின 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட வேண்டும் என்கிற மாதிரி கணக்கு. வாங்குகிறவருக்கு ஒரு பைசா கூடாது. நம்ம ஊர் பாத்திரக் கடைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனவருக்கு முதலாளி காபி வாங்கிக் கொடுப்பதில்லையா, அதேதான்.

இதில் கூகுளுக்கு என்ன வந்தது? அங்கேதான் கதை. 1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது வெளியிட்ட யோசனை, ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிற சுட்டி என்பது ஒரு ஓட்டு மாதிரி என்பது. அதிக ஓட்டு, அதுவும் மதிப்புள்ள இடத்தில் இருந்து வந்த ஓட்டு கிடைத்த பக்கம் மேலே வரும். ஓட்டு என்று ஒன்று வந்துவிட்டால் அடுத்து என்ன வரும்? காசு வரும். (தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை விளக்க வேண்டியதில்லை.) கமிஷன் சுட்டியும் காசுக்காகப் போட்ட சுட்டிதான். அதை ஓட்டாக எண்ணக்கூடாது என்பதுதான் கூகுளின் கவலை. நீங்கள் சம்பாதிப்பதில் அவருக்கு வயிற்றெரிச்சல் எதுவும் இல்லை.

அதனால் 2005 ஜனவரியில் 'நோஃபாலோ' என்று ஒரு முத்திரை வந்தது. "இந்தச் சுட்டியை ஓட்டாக எண்ணாதே" என்று தேடுபொறியிடம் சொல்கிற முத்திரை. எரிதச் சுட்டிகளை ஒழிக்க வந்தது, பிறகு விளம்பரச் சுட்டிகளுக்கும் பயன்பட்டது. 2019 செப்டம்பரில் காசு சம்பந்தப்பட்ட சுட்டிகளுக்கென்றே 'ஸ்பான்சர்ட்' என்று தனி முத்திரை கொடுத்தார்கள். சுட்டியின் நிரல் வரியில் 'ரெல்' என்கிற இடத்தில் இதை எழுத வேண்டும். (ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் சாமிகளா, நான் எழுதியிருப்பதைப் பார்த்துத் தமிழில் எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று வராதீர்கள்.) பழைய நோஃபாலோ போட்டிருந்தாலும் பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறார்கள். ரெண்டையும் சேர்த்துப் போட்டாலும் தப்பில்லை. ரெண்டும் இல்லாமல் போடுவதுதான் வம்பு.

வம்பு எவ்வளவு பெரிசு என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. 2012 ஜனவரியில் கூகுள் குரோம் உலாவிக்காக ஒரு விளம்பர ஏற்பாட்டில் பலருக்குக் காசு கொடுத்து எழுத வைத்தார்கள். அதில் ஒரு இடத்தில் குரோம் பக்கத்துக்குப் போன சுட்டியில் நோஃபாலோ இல்லை. விஷயம் வெளியே வந்ததும் கூகுள் என்ன செய்தது தெரியுமா? தன்னுடைய குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாளுக்குத் தன் தேடலில் கீழே இறக்கியது. சொந்த வீட்டுப் பிள்ளைக்கே முட்டி போட வைத்த வாத்தியார் நம்மை எல்லாம் விடுவாரா?

இந்தக் கதை எனக்கு ஒருமுறை உதவியது. ஒரு கம்பெனியில் இருந்து மெயில் வந்தது. அவர்களே கட்டுரை எழுதித் தருவார்களாம், நான் போட்டால் போதுமாம், நாலாயிரம் ரூபாய். ஒரே நிபந்தனை, சுட்டியில் எந்த முத்திரையும் இருக்கக் கூடாது. நாலாயிரம் என்பது எனக்கு ஒரு மாச மெஸ் பில்லும் அதற்கு மேல் ரெண்டு பிரியாணியும். ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் பொய், பத்து நிமிஷம் யோசித்தேன். அந்த நாலாயிரம் எதற்கு என்று பாருங்கள். என் வாசகர்களுக்காக இல்லை, அவர்களில் யாரும் அந்தச் சுட்டியைத் தட்ட வேண்டும் என்றுகூட அந்த ஆள் எதிர்பார்க்கவில்லை. அவர் கேட்டது என் தளத்தின் ஓட்டை. முத்திரை போட்டுத்தான் தருவேன் என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம் ஆளையே காணோம்.

அடுத்து, மறைக்கிற வித்தைகள். ஒரு சீனியர் அண்ணன் ரொம்ப ரகசியமாகச் சொன்னார்: "தம்பி, லிங்க்கை அப்படியே போடாத. உன் சைட் பேர்லயே ஒரு முகவரி வச்சு, அங்க இருந்து திருப்பி விடு. கூகுளுக்குத் தெரியாது." கூகுளுக்குத் தெரியும் அண்ணே. திருப்பி விடுகிற சுட்டியைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது அதற்குப் பால பாடம். நிறைய சுட்டிகளை ஒரே இடத்தில் இருந்து நிர்வாகம் பண்ணுவதற்காகத் திருப்பி விடுவது வேறு விஷயம், அது தப்பில்லை, அங்கேயும் முத்திரையைப் போட்டுவிட்டால் சரி. ஆனால் ஒளித்து வைப்பதற்காகச் செய்தால் பிரயோஜனம் இல்லை. அதுமட்டுமில்லாமல், எங்கே போகிறோம் என்று தெரியாதபடி சுட்டியை மறைப்பதற்கு அமேசானின் சொந்த விதியிலேயே இடம் கிடையாது. தேடுபொறிக்குத் தப்பிப் போய்க் கமிஷன் கணக்கையே இழந்தால் அது என்ன கணக்கு! கூகுளுக்கு ஒரு பக்கம், வாசகருக்கு வேறு பக்கம் காட்டுவது என்பது இன்னும் மோசம். அது நேரடியாகத் தண்டனைக்குரிய குற்றம்.

சரி, முத்திரை குத்தியாச்சு, எதையும் மறைக்கவில்லை. இனி முதலிடம்தானா? அதுதான் இல்லை. முத்திரை என்பது கேட்டைத் தாண்ட ஐடி கார்டு மாதிரி. பாஸ் மார்க் அதில் வராது.

கூகுளின் எரித விதிகளில் ஒரு பிரிவே இருக்கிறது. தமிழில் 'சோடைத் தரகுப் பக்கம்' என்று சொல்லலாம். கடைக்காரர் கொடுத்த விவரத்தை, படத்தை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே "வாங்க" என்று பொத்தானை வைத்த பக்கம். தரகு வாங்குகிற எல்லாத் தளமும் இப்படி இல்லை என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பக்கத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். "கேட் தேர்வுக்குச் சிறந்த 10 கால்குலேட்டர்கள்" என்று தேடிப் பாருங்கள், கட்டாயம் மாட்டும். கேட் தேர்வுக்குக் கையில் கால்குலேட்டரே கொண்டு போக முடியாது! திரையிலேயே ஒன்று கொடுப்பார்கள், மவுஸால் தட்ட வேண்டும். பத்துக் கால்குலேட்டரை வரிசைப்படுத்தின அந்த மகான் ஒரு தடவை தேர்வு விதியைப் படித்திருந்தால் போதும். அதை நம்பி ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு பெண் என்னிடமே கேட்டாள், "அண்ணா, இதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?" என்று. அந்த ஆளுக்குக் கமிஷனாக அம்பது ரூபாய் கிடைத்திருந்தால் அதிகம்.

என் தளத்தில் அதிகம் பேர் படிக்கிற பக்கம் எது தெரியுமா? மினி டிராஃப்டர் பக்கம். அதன் முதல் பத்தியே "வாங்காதே" என்றுதான் ஆரம்பிக்கும். எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு செமஸ்டர். அது முடிந்ததும் டிராஃப்டர் அலமாரி மேலே போய்விடும். ஹாஸ்டலில் எந்த சீனியர் கதவைத் தட்டினாலும் ஒன்று கிடைக்கும். வாங்கும்போது திருகாணி தேய்ந்திருக்கிறதா, ஸ்கேலைப் பிடித்து ஆட்டினால் கோணம் நகர்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என நானே எடுத்த நாலு படத்தோடு எழுதியிருக்கிறேன். யாரும் கிடைக்காதவர்களுக்காகக் கடைசியில் ஒரே ஒரு சுட்டி. அந்தப் பக்கத்தால் வருகிற காசு ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் யார் யாரோ, நான் கேட்காமலே, அதற்குச் சுட்டி கொடுத்திருக்கிறார்கள். நிஜமான ஓட்டு! அங்கே வருகிறவர்கள் அப்படியே கால்குலேட்டர் பக்கத்துக்கு நகருகிறார்கள். மெஸ் பில் அங்கே இருந்துதான் வருகிறது.

கால்குலேட்டர் பக்கத்திலும் எனக்கும் என் பர்ஸுக்கும் தினம் சண்டைதான். விலை கூடினதைச் சொன்னால் கமிஷன் கூடும். ஆனால் கேசியோ 991 எம்எஸ்ஸில் விடை தசமத்தில் வரும், ஈஎஸ் பிளஸ்ஸில் பின்னமும் வர்க்கமூலமும் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வரும். இந்த வித்தியாசத்துக்காகக் கூடக் கொடுக்கலாமா என்பது ஆளைப் பொறுத்தது. வீட்டில் அண்ணனோட பழைய எம்எஸ் இருந்தால் போதும், புதுசு வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது விரல் கொஞ்சம் நடுங்கியது உண்மை.

கூகுளும் இந்தப் பக்கமாகத்தான் நகர்ந்து வந்திருக்கிறது. 2011-ல் பாண்டா, 2021 ஏப்ரலில் பொருள் விமர்சனங்களுக்கென்றே ஒரு மாற்றம். பொருளைத் தொட்டுப் பார்த்த அடையாளம் இருக்கிறதா, குறை சொல்லியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்களாம். முதலில் ஆங்கிலத்துக்கு, 2023-ல் இன்னும் பல மொழிகளுக்கு. வியட்நாமிய மொழிகூட அந்தப் பட்டியலில் உண்டு, தமிழ் இல்லை. உடனே துள்ளாதீர்கள். ஆளுக்காக எழுதாமல் தேடுபொறிக்காக எழுதின பக்கங்களைக் கண்டுபிடிக்கிற ஏற்பாட்டை 2022 டிசம்பரிலேயே எல்லா மொழிக்கும் விரித்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் அதை மூல அமைப்போடயே சேர்த்தாயிற்று.

நியாயமாக எழுதினால் நிச்சயம் மேலே வரலாம் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். அமெரிக்காவில் வயர்கட்டர் என்று ஒரு தளம், 2011-ல் ஆரம்பித்தது. மாசக்கணக்கில் பொருட்களைச் சோதித்து எழுதி, தரகுச் சுட்டியிலேயே வளர்ந்து, 2016-ல் நியூயார்க் டைம்ஸ் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காற்று சுத்திகரிப்பான்களைச் சொந்தமாகச் சோதித்து எழுதுகிற ஹவுஸ்ஃப்ரெஷ் என்கிற சின்ன தளம், பெரிய பத்திரிகைகளின் ஒப்புக்கு எழுதின பட்டியல்களுக்குக் கீழே தாங்கள் தள்ளப்படுவதை 2024 பிப்ரவரியில் விவரமாக எழுதினார்கள். பெரிய பெயருக்குள் ஒண்டிக்கொண்டு நடத்தும் தரகுப் பக்கங்கள் மேல் கூகுள் அதே வருஷம் மே மாசம் நடவடிக்கை எடுத்தது. ஆனால் நடுவில் சின்னவர்கள் பட்டது பட்டதுதான். அதனால் தேடலை மட்டும் நம்பி மெஸ் பில்லுக்குக் கணக்குப் போடாதீர்கள். நான் போடுவதில்லை, டியூஷனும் எடுக்கிறேன்.

சில்லறை விஷயங்கள் ரெண்டு. ஆடுகிற, மின்னுகிற விளம்பரப் பெட்டிகளை வைத்தால் பக்கம் மெதுவாகும், படிக்கும்போதே எழுத்து கீழே குதிக்கும். கூகுள் அதையும் அளக்கிறது. சாதாரண எழுத்துச் சுட்டியே போதும். அமேசான் தன் கருவிப்பட்டையில் இருந்து கொடுத்துவந்த படச் சுட்டிகளை 2023 கடைசியில் நிறுத்தியபோது, அதை வைத்திருந்தவர்கள் பக்கமெல்லாம் வெறும் கட்டமாக நின்றது. எழுத்துச் சுட்டிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அப்புறம், கமிஷன் வாங்குகிறேன் என்று வாசகரிடம் சொல்வது. இது தேடலுக்காக இல்லை, சட்டத்துக்காக. பொருளாதாயம் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. அபராதம் 10 லட்சம் வரை போகலாம். எனக்கு எரிச்சல் என்னவென்றால், பக்கம் முழுக்கத் தமிழில் எழுதிவிட்டு, இதை மட்டும் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போடுவது. என் தளத்தில் தலைப்புக்குக் கீழேயே இருக்கும்: "இந்தச் சுட்டி வழியாக வாங்கினால் எனக்குக் கொஞ்சம் கமிஷன் வரும். உங்களுக்கு விலை கூடாது." அமேசான் கேட்கிற அவர்களுடைய வாசகம் அதற்குக் கீழே தனியாக. இதைப் பார்த்துவிட்டு யாரும் ஓடிப்போனதாகத் தெரியவில்லை. ஒரு தம்பி மட்டும், "அண்ணே, உங்க லிங்க்லயே வாங்கிட்டேன், கேன்டீன்ல ஒரு பப்ஸ் வாங்கிக் குடுங்க" என்றான். வாங்கிக் கொடுத்தேன். கமிஷனைவிட பப்ஸ் விலை அதிகம்.

இனி டீக்கடையில் யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். செமஸ்டர் முடிந்ததும் டிராஃப்டர் பக்கத்தைத் தூசு தட்டணும், அதில் இருக்கிற அந்த ஒரு சுட்டியும் இப்போது ஸ்டாக் இல்லாத பொருளுக்குப் போகிறது.