தேர்வாளரின் கண்ணுக்குத் தெரியாதது

அந்தமான் மக்களின் தொன்மையைப் பற்றிப் படிப்போர் கே. தங்கராஜ் என்ற பெயரைத் தாண்டிச் செல்ல முடியாது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் அவரும் லால்ஜி சிங்கும் பிறரும் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அவர்கள் பரிசோதித்த ஓங்கே, ஜாரவா ஆண்களின் ஒய் குரோமோசோம்கள் அனைத்தும் டி என்னும் ஒரே தந்தைவழிக் கிளையைச் சேர்ந்தவை. தீவுகளில் இந்தக் கட்டுரையைப் பற்றி நிறையப் பேசுவோம். அதே ஆண்டு அதே ஆய்வகம் அதே குரோமோசோமைப் பற்றி வெளியிட்ட இன்னொரு கட்டுரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விந்தில் உயிரணுவே இல்லாத 340 இந்திய ஆண்களுள் 29 பேருக்கு ஒய் குரோமோசோமின் சில துண்டுகள் இல்லை என்று கண்டது அது.

எனக்கு இரண்டாவது கட்டுரைதான் அடிக்கடி தேவைப்படுகிறது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (எங்கள் வாயில் இன்னும் அது போர்ட் பிளேர்தான்) குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் தம்பதியர், உயிரியல் படிக்கிறவள் என்று என்னைத் தொலைபேசியில் அழைப்பார்கள். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள், விமானமென்றால் கட்டணம். அதற்கு மேல் சிகிச்சைச் செலவு. "அக்கா, நல்ல விந்தணுவைப் பொறுக்கியெடுக்கிற புது முறை இருக்காம், தனியா பணம் கட்டணுமாம், கட்டலாமா?" என்பது வழக்கமான கேள்வி.

பொறுக்கியெடுப்பது புதிதன்று. விந்தின் மேல் வளர்ப்பூடகத்தை ஊற்றி, நீந்தி மேலேறுபவற்றை எடுப்பது ஒரு முறை. அடர்த்தி வேறுபட்ட சிலிக்காக் கரைசல் அடுக்குகளின் மேல் விந்தை வைத்து மையவிலக்கியில் சுழற்றி, அடியில் படிபவற்றை எடுப்பது மற்றொன்று. 1992இல் பிரஸ்ஸல்ஸ் குழுவினர், ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்சி முறையில் கருவுற்ற முதல் கர்ப்பங்களை அறிவித்தனர். அதன்பின் தேர்வு முழுவதும் கருவியலாளரின் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கண்ணுக்கு உதவவே மேலதிக முறைகள் பிறந்தன. முதிர்ந்த விந்தணு ஹைலூரானிக் அமிலத்தில் ஒட்டும் என்ற உண்மையைப் பயன்படுத்தும் பிக்சி அவற்றுள் ஒன்று.

2,772 தம்பதியரைக் கொண்டு பிரிட்டனில் பிக்சியைச் சோதித்தார்கள். முடிவு 2019இல் 'லான்செட்' இதழில் வந்தது. பிக்சி செய்தோரில் 27.4 விழுக்காட்டினர் முழுக்காலக் குழந்தை பெற்றனர். வழக்கமான இக்சியில் 25.2. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அன்று. கருச்சிதைவு மட்டும் 7.0இலிருந்து 4.3 விழுக்காடாகக் குறைந்திருந்தது. முன்பு கருச்சிதைவுற்ற தம்பதியர் இதைப் பற்றிக் கேட்பதில் நியாயமுண்டு. எல்லோருக்கும் இதைப் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விந்தணு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருப்பவருக்கு, எந்தத் தேர்வு முறைக்கும் முன்பாக ஒய் குரோமோசோமைப் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனை போதும். ஏ-இசட்-எஃப்-ஏ பகுதி முழுதும் இல்லையென்றால் விதைப்பையைக் கீறித் தேடினாலும் விந்தணு கிடைக்காது. பி பகுதியிலும் ஏறத்தாழ அப்படியே. வீண் அறுவை மிச்சம், மனைவிக்கு வீண் ஹார்மோன் ஊசிகளும் மிச்சம். சி பகுதி மட்டும் இல்லையென்றால் கிடைக்க வாய்ப்புண்டு, இக்சியும் பலிக்கலாம். ஆனால் அவருடைய ஒய் தாங்கிய ஒவ்வொரு விந்தணுவிலும் அந்தத் துண்டு இருக்காது. எவ்வளவு அழகாக நீந்தினாலும், எந்த அமிலத்தில் ஒட்டினாலும், நுண்ணோக்கியில் அது தெரியாது. பிறக்கும் மகனுக்கு அதே குறை வரும்; மகளுக்கு வராது. இயற்கை பெரும்பாலும் ஒரு தலைமுறையோடு நிறுத்திவிடும் குறையை நாம் ஊசிவழி அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறோம்.

கடத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மகனும் பிற்காலத்தில் இதே சிகிச்சையால் தந்தையாகலாம் என்று முடிவெடுக்கும் தம்பதியரை எனக்குப் புரிகிறது. கொடையாளர் விந்தணுவை நாடுவோரையும் புரிகிறது. சிகிச்சையின் விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் பற்றி ஆலோசனை தருவது மருத்துவ மையத்தின் கடமை என்று 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது. கூடுதல் பணம் கட்டுமுன் அந்த ஆலோசனையைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான் அழைப்பவர்களிடம் சொல்கிறேன். பல நேரம் மறுமுனையில் மனைவிதான் பேசுகிறார். கணவரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்வேன். பரிசோதிக்க வேண்டியது அவருடைய இரத்தத்தை.