“அக்கா, இது செத்துச்சா, சாகலையா?”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் என் வாட்ஸ்அப்பில் இப்படித்தான் மெசேஜ் வரும். “அக்கா, இது செத்துச்சா, சாகலையா?”, “அவன் அடிக்கிறதுக்கு முன்னாடியே நான் கொன்னுடலாமா?”, “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல செத்தா யாரு ஜெயிச்சது?” ஒருநாள் அம்மா என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, “ஆபீஸ்ல உனக்கு கிரைம் பீட் குடுத்துட்டாங்களாடி?” என்று பதறிப்போனார்.

பதற ஒன்றுமில்லை. இது ‘மேஜிக்: தி கேதரிங்’ என்கிற கார்டு விளையாட்டு. (ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் செத்தால் டிரா!)

நம்மில் பலர் பள்ளியில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடியிருப்போம். அதற்கு மந்திரவாதிகளும் டிராகன்களும் ஆயிரக்கணக்கான விதிகளும் சேர்ந்தால் மேஜிக். 1993-ல் அமெரிக்காவின் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆய்வாளர் இதை உருவாக்கினார். பொதுவான ஆட்டத்தில் இரண்டு பேர், ஆளுக்கு 60 கார்டு, ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. எதிராளியின் புள்ளியைப் பூஜ்யமாக்கினால் வெற்றி. கேட்க எளிது. ஆனால் இதுவரை 25,000-க்கும் அதிகமான வெவ்வேறு கார்டுகள் வந்திருக்கின்றன. அதில் எந்தக் கார்டு எந்தக் கார்டை எப்போது சந்திக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சின்ன வயதில் பாட்டி வீட்டில் தாயம் ஆடுவோம். “ஒரு காயையாவது வெட்டினாத்தான் உள்ளே போகலாம்” என்பார் பாட்டி. “எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாது” என்பார் பெரியம்மா. சண்டை முற்றினால் பாட்டி சொல்வதுதான் சட்டம். மேஜிக்கில் பாட்டி கிடையாது. அதற்குப் பதிலாக ஏறக்குறைய 300 பக்கத்துக்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. புதிய கார்டுகள் வரும்போதெல்லாம் அதையும் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் பத்துப் பேர் கூடுவோம். ஒன்பதாம் வகுப்புப் பையனிலிருந்து வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் வரை இருப்பார்கள். அந்தப் புத்தகத்தை பி.டி.எஃப்-ஆக இறக்கி வைத்திருந்தவள் நான் மட்டும்தான். அதனால் ‘பாட்டி’ பதவி என்னிடம் வந்துவிட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழகியபோது ஒன்று புரிந்தது. பாதிக் கேள்விகள் விதி தெரியாமல் வருவதில்லை. கார்டில் இருக்கும் வாக்கியத்தைச் சரியாகப் படிக்காமல் வருகின்றன.

உதாரணமாக, ‘எதிராளி இதைக் குறிவைக்க முடியாது’ என்று ஒரு டிராகன் இருக்கும். எதிராளி ‘எல்லா உயிரினங்களையும் அழி’ என்ற கார்டைப் போடுவார். டிராகன் வைத்திருப்பவர், “என்னுதைத் தொட முடியாதே!” என்று குதிப்பார். ஆனால் டிராகன் காலி. ஏனென்றால் இரண்டாவது கார்டு யாரையும் குறிவைக்கவில்லை. பந்தியில் ஒருவரைப் பெயர் சொல்லி எழுப்புவது வேறு, “எல்லாரும் எழுந்திருங்க” என்பது வேறு.

இன்னொன்று. மேஜிக் கார்டுகள் தமிழில் அச்சாவதில்லை. ஆங்கிலக் கார்டைப் படித்து, மாடியில் நாங்கள் தமிழில்தான் சண்டை போடுவோம். ஓர் உயிரினம் களத்துக்குள் ‘வரும்போதே’ நடப்பது ஒன்று, ‘வந்ததும்’ நடப்பது இன்னொன்று. வந்ததும் நடப்பதற்கு எதிராளி குறுக்கே ஒரு கார்டு போட்டுப் பதில் சொல்லலாம். வரும்போதே நடப்பதற்கு அந்த இடைவெளியே கிடையாது. ஆங்கிலத்தில் ஒரு குட்டி வார்த்தை மாறுவதால் வரும் வித்தியாசம் இது. தமிழில் சொன்னால் பசங்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

ஒருவர் போட்ட கார்டுக்கு மேல் இன்னொருவர் போட்டால் எது முதலில் நடக்கும் என்பதும் அப்படித்தான். ஹோட்டலில் அடுக்கி வைத்த தட்டுதான் கணக்கு. கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுப்போம்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் புத்தகத்தைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். அங்கேதான் சறுக்கியது.

அன்று ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஒரு சின்ன போட்டி வைத்தோம். ஜெயிப்பவருக்குப் பிரிக்காத ஒரு கார்டு பாக்கெட். கடைசி ஆட்டத்தில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் பக்கம் ‘டார்மகோய்ஃப்’ என்ற உயிரினம் நின்றது. அதற்கு நிலையான பலம் இல்லை. இரண்டு பேருடைய ‘கல்லறை’யிலும், அதாவது பயன்படுத்திக் கழித்த கார்டுகள் கிடக்கும் குவியலிலும், எத்தனை வகைக் கார்டுகள் இருக்கின்றனவோ, அதுதான் அதன் தாக்கும் பலம். தாங்கும் பலம் அதைவிட ஒன்று கூடுதல். அப்போது இரண்டு வகைகள் கிடந்தன. எனவே தாங்கும் பலம் 3.

எதிரே இருந்த அண்ணன் ‘லைட்னிங் போல்ட்’ போட்டார். 3 புள்ளி சேதம். மூன்றைத் தாங்கும் உயிருக்கு மூன்று அடி.

“செத்துடுச்சு” என்றேன்.

பையன் விடவில்லை. “அக்கா, அந்த மின்னல் கார்டும் கல்லறைக்குத்தானே போகும்? அது புது வகையாச்சே. அப்போ இதுக்குத் தாங்குற பலம் நாலு ஆகிடும்ல?”

“முதல்ல அடி விழும்டா. கார்டு அதுக்கப்புறம்தான் போகும். அதுக்குள்ள செத்துடும்.”

நான் சொன்ன வேகத்தில் யாரும் மறுபேச்சு பேசவில்லை. அவனும் கார்டை எடுத்துக் கல்லறையில் வைத்தான். அடுத்த சுற்றிலேயே தோற்றான். கார்டுகளை அடுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பி.டி.எஃப்-ஐத் திறந்தேன். 704-வது பிரிவு. ‘யாராவது செத்தார்களா?’ என்று ஆட்டம் எல்லா நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. ஒரு கார்டின் வேலை நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் கணக்கெடுப்பே கிடையாது. அந்தக் கார்டு தன் வேலையை முடித்து, கல்லறைக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த வாய்ப்பு ஒருவர் கைக்குப் போகும் முன்புதான் கணக்கெடுக்கும். அந்த நேரத்தில் கல்லறையில் மூன்று வகைகள் இருந்திருக்கும். தாங்கும் பலம் 4, வாங்கிய அடி 3. அது சாகவில்லை. அடி முதலில், கார்டு பிறகு என்று நான் சொன்ன வரிசை சரிதான். சாவு எப்போது என்பதைத்தான் தப்பாகச் சொல்லியிருந்தேன்.

அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அவன் புத்தகம் படிக்காமலே சரியாக யோசித்திருந்தான். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டே தப்பாகச் சொல்லியிருந்தேன்.

ஒரு பாக்கெட் கார்டுதானே, விட்டுவிடலாம் என்று தோன்றியது உண்மை. அடுத்த இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. “பரீட்சையா இருக்கும்” என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் தெரியும். அவன் தோற்றதற்காக வராமலில்லை. சரியாகச் சொல்லியும் கேட்கப்படாமல் போனதற்காக வரவில்லை.

ஆபீசில் ஒரு செய்தியில் தப்பு வந்தால் அடியில் ‘திருத்தம்’ என்று ஒரு வரி போட்டுவிடுவோம். அந்த ஒரு வரியை ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நேரில் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் ஆனது. முதலில் குரூப்பில் எழுதினேன்: ‘அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அவன் சொன்னதுதான் சரி.’ பிறகு அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவன் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “அன்னிக்கு நீங்க புக்ல பார்த்துச் சொன்னீங்களா, சும்மா சொன்னீங்களா?”

“சும்மாதான் சொன்னேன்” என்றேன்.

என் காசில் வாங்கிய பாக்கெட்டை நீட்டினேன். வேண்டாம் என்றான். அவன் அம்மா, “அக்கா ஆசையா குடுக்குறாங்கல்ல, வாங்கிக்கோ” என்றதும் பிரித்தான். உள்ளே உருப்படியான கார்டு ஒன்றுகூட இல்லை! இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

2019-ல் மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். மேஜிக் கார்டுகளை ஒரு குறிப்பிட்ட விதத்தில் அமைத்தால், அவற்றைக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் செய்யக்கூடிய கணக்கையெல்லாம் செய்யலாம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று எல்லா நேரமும் கணித்துச் சொல்ல எந்த வழிமுறையாலும் முடியாது என்று நிரூபித்தார்கள். அப்பேர்ப்பட்ட விளையாட்டுக்கு நான் அரை நொடியில் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன்!

இப்போது எங்கள் மாடியில் புது வழக்கம் ஒன்று. கேள்வி வந்தால் யாராக இருந்தாலும் கார்டை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தில் அந்த விதியை எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. சண்டை குறைந்துவிட்டது.

போன ஞாயிறு நான் ஆடிக்கொண்டிருந்தபோது எனக்கே ஒரு சந்தேகம். எதிரே இருந்தவர் இப்படி என்றார், நான் அப்படி என்றேன். பக்கத்து மேசையிலிருந்த அந்தப் பையனைக் கூப்பிட்டேன். “நீ சொல்லுடா, இது செத்துச்சா, சாகலையா?”

அவன் பதில் சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

“இருங்கக்கா, பார்த்துச் சொல்றேன்.”