மெழுகுதிரி இல்லாத குடில்

எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா, சென்ற ஆண்டு தவக்காலத்தில், தம் எண்பதாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் தீயணைப்புத் துறையில் உழைத்து, லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றி எழுத அக்காளும் தங்கையுமாக நாங்கள் உட்கார்ந்தபோது பெருமைப்படத்தக்க செய்திகள் பல நினைவுக்கு வந்தன. ஆனால் எழுதியே தீர வேண்டிய ஒன்று, எங்களுக்குப் பெருமை தராதது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

திருச்சியில் தாத்தாவின் வீடே ஒரு சிறிய தீயணைப்பு நிலையம்தான். அடுப்படி வாசலில் சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு வாளிகள் இருக்கும். ஒன்றில் மணல், மற்றொன்றில் தண்ணீர். இரவில் எல்லோரும் படுத்த பிறகு எழுந்து சென்று, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடியிருக்கிறதா என்று தம் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். வாசல் நடையில் சைக்கிளையோ மூட்டையையோ வைக்க விடமாட்டார். தம் செருப்பை எப்போதும் வெளிப்பக்கம் பார்த்தே கழற்றி வைப்பார். ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார். "எந்த நேரமும் மணி அடிக்கும் என்று சாப்பிட்டுப் பழகியவர். இப்போது மணி இல்லை, பழக்கம் போகவில்லை" என்பார் பாட்டி.

விடுமுறைக்குச் சென்றால் எங்களுக்கும் பாடம் உண்டு. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, தட்டால் மூடு. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, கதவைத் திற. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். உடுப்பில் தீப்பற்றினால் ஓடாதே, தரையில் விழுந்து புரளு. புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடக்காதே, தவழ்ந்து வா. தீ தொடுமுன்பே புகை ஆளைக் கொன்றுவிடும். வாய்ப்பாடுபோல இவற்றை ஒப்பிக்க வேண்டும்.

எங்களுக்குப் பிடித்தது விசில் விளையாட்டு. தாத்தா திடீரென்று விசில் ஊதுவார். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து முற்றத்து வேப்பமரத்தைத் தொட வேண்டும். முதலில் தொட்டவருக்கும் கடலை மிட்டாய், பிறகு வந்தவருக்கும் கடலை மிட்டாய். விளையாட்டாகக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் தாத்தா சிரிக்கவே மாட்டார்.

எங்கள் அம்மா பிறந்தது 1977 நவம்பரில். புயல் மழையில் திருச்சியை வெள்ளம் சூழ்ந்த நாட்கள் அவை. தீயணைப்புக்காரருக்குத் தீ மட்டும் வேலையன்று. வெள்ளத்தில் சிக்கியவரை மீட்பதும், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும் அவர் வேலைதான். கயிறும் படகுமாகத் தெருத்தெருவாகச் சென்று யார் யாரையோ கரை சேர்த்த தாத்தா, தம் மகளின் முகத்தைப் பார்த்தது நான்காம் நாள்தானாம். சேறு படிந்த காக்கியோடு குழந்தையைத் தொடக் கூசி, முதலில் குளித்துவிட்டு வந்தாராம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிள்ளைகளின் புதுநன்மை என்று எத்தனையோ நாட்களில் அவர் வீட்டில் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பின்னர், அந்தக் கடனையெல்லாம் திருப்பிக் கொடுப்பதுபோல, பாட்டிக்குக் காய் நறுக்கிக் கொடுப்பதும், எங்களுக்குச் சடை பின்னிவிடுவதும், வீட்டாரைச் செபமாலைக்கு அழைப்பதும் அவர் வேலையாயின.

ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு என்பதை நாம் அறிவோம். அந்நாளே தீயணைப்பு வீரர் நினைவு நாளும் என்பதைத் தாத்தாவிடம்தான் கற்றோம். 1944ஆம் ஆண்டு அதே நாளில், பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. தீயை அணைக்கச் சென்றவர்களில் 66 வீரர்கள் மாண்டனர். ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை, தாத்தா வெள்ளைச் சட்டை அணிந்து நிலையத்திற்குச் சென்று அவர்களுக்கு வணக்கம் செலுத்திவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் பாயசம்.

இனி, எங்கள் குற்றத்திற்கு வருகிறோம்.

நாங்கள் ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படித்த ஆண்டு, தாத்தா வீட்டுத் திண்ணையில் பெரிய குடில் ஒன்று கட்டினோம். வைக்கோல் கூரை, காகித மலை, களிமண் ஆடுகள். சுற்றிலும் பன்னிரண்டு மெழுகுதிரிகளை ஏற்றிவைத்து, பக்கத்து வீட்டுத் தோழியரை அழைத்து வந்தோம். தாத்தா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பன்னிரண்டு திரிகளையும் விரலால் நசுக்கி அணைத்தார். உள்ளே போய்த் தம் டார்ச் விளக்கைக் கொண்டுவந்து, குடிலுக்குப் பின்னால் பொருத்தி வைத்தார். தோழியர் சிரித்தனர். எங்களுக்கு அவமானம் தாங்கவில்லை.

"தீயணைப்பு வீரராம்! ஒரு மெழுகுதிரியைப் பார்த்து இவ்வளவு பயமா?" என்று அவர் காதுபடவே சொன்னோம்.

தாத்தா திரும்பிப் பார்த்தார். "ஆமாம் பாப்பா, பயந்தான்" என்றார். பிறகு உள்ளே சென்றுவிட்டார்.

அன்று நள்ளிரவுத் திருப்பலிக்கு எங்கள் கையைப் பிடித்து நடக்காமல், சற்றுப் பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நாளை கேட்கலாம் என்று விட்டோம். மறுநாள் அவரே கடலை மிட்டாயோடு வந்தார். நாங்களும் மறந்துபோனோம்.

அவர் இறந்த முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வந்ததும் பாட்டி அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மடித்து வைத்த காக்கிச் சட்டை, தோல் பெல்ட், அந்த விசில். விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதுவரை சொல்லாத ஒன்றைப் பாட்டி சொன்னார்.

அம்மாவுக்கு நான்கு வயதிருக்கும்போது, ஒரு பங்குனி மாதப் பகலில், ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் கூரை வீடுகள் பற்றிக்கொண்டன. அடுப்பில் அவியாத தணலிலிருந்து ஒரு பொறி; வைக்கோலுக்கு அது போதும். வண்டிப்பாதையில் தீயணைப்பு வண்டி தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்வதற்குள் தெருவே எரிந்துவிட்டது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றார்கள். ஒரு சிறுவனை மட்டும் காணவில்லை. அறுவடைக்குச் சென்ற தாயைத் தேடி வயலுக்கு ஓடியிருப்பான் என்றார்கள். தீ தணிந்த பின் தாத்தாதான் அவனைக் கண்டெடுத்தார், கட்டிலுக்கு அடியில். தீயைக் கண்டு பயந்த பிள்ளை, ஒளிந்துகொண்டால் தீ தன்னைக் கண்டுபிடிக்காது என்று நினைத்திருக்கிறது. அவனுக்கும் நான்கு வயதுதான்.

அன்றிரவு வீட்டிற்கு வந்த தாத்தா, உறங்கிக்கொண்டிருந்த எங்கள் அம்மாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் தொடங்கியதுதான் விசில் விளையாட்டு.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் இயங்கிய பள்ளி எரிந்து 94 குழந்தைகள் மாண்ட செய்தி வந்தபோது தாத்தா ஓய்வு பெற்றிருந்தார். அன்று அவர் உணவைத் தொடவில்லை. இரவு முழுவதும் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார் என்றும் பாட்டி சொன்னார்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் அழுதோம். "ஆமாம் பாப்பா, பயந்தான்" என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்கியது. எரிகிற வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் தமக்காகப் பயந்ததில்லை. வைக்கோல் குடிலின் முன்னே நின்ற எங்களுக்காகத்தான் பயந்தார். மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னோம். இப்போது உங்கள் முன்னும் சொல்கிறோம்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஒரு பெரியவர் இருப்பார். சிரிக்குமுன் ஒருமுறை, ஏன் என்று கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.

கல்லறைத் திருநாளன்று தாத்தாவின் கல்லறைக்குச் சென்றோம். சுற்றியிருந்த காய்ந்த புல்லை முதலில் செதுக்கிச் சுத்தம் செய்தோம். பிறகே மெழுகுதிரி ஏற்றினோம். அது எரிந்து முடியும்வரை அங்கேயே இருந்தோம். கிறிஸ்துமஸுக்குக் குடிலும் கட்டினோம். பின்னால் தாத்தாவின் டார்ச் விளக்கு. விசில் இப்போது எங்களிடம் இருக்கிறது. சித்தி மகனுக்கு நான்கு வயது. நாங்கள் ஊதினால் எங்கிருந்தாலும் ஓடிவந்து வேப்பமரத்தைத் தொட்டுவிடுகிறான். கடலை மிட்டாய் தயாராக வைத்திருக்கிறோம்.