பிங்கி பிராமாணிக்குக் கடன்பட்டது யார்?

2006 தோஹா ஆசியப் போட்டியில் நான்கு பேர் தலா 400 மீட்டர் ஓடும் தொடரோட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற அணியில் இருந்தவர் பிங்கி பிராமாணிக். 2012 ஜூனில் மேற்கு வங்கப் போலீஸ் அவரைப் பாலியல் வன்கொடுமைப் புகாரில் கைது செய்தது. அவர் பெண்ணே அல்ல என்பதுதான் வழக்கின் அடித்தளம். பல வாரச் சிறை, பாலினப் பரிசோதனைகள், அந்தரங்கம் பதிவான காணொளியின் கசிவு. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. 2014இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. ஆனால் தண்டனையை அதற்கு முன்பே அனுபவித்து முடித்திருந்தார்.

புகார் வந்தால் போலீஸ் விசாரிக்கத்தானே வேண்டும், விடுதலையான எல்லோருக்கும் அரசு பணம் கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். விசாரணையை யாரும் தடுக்கவில்லை. பாலியல் புகார்களை மெத்தனமாக அணுகவும் கேட்கவில்லை. சட்ட ஆணையத்தின் 277ஆவது அறிக்கை (2018) கேட்டதும் எல்லோருக்குமான பணம் அல்ல. தீய நோக்கோடு, நேர்மையின்றி நடத்தப்பட்ட வழக்குகளுக்கு மட்டும் இழப்பீடும், அதற்கென சிறப்பு நீதிமன்றங்களும். அது சட்டமாகவில்லை. 2024இல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், போதிய காரணமின்றிக் கைதானவருக்கு அதிகபட்சம் 1000 ரூபாய்தான், அதுவும் கைதுக்குக் காரணமானவர் தர வேண்டியது. ஓட்ட வீராங்கனையின் உடலும் பெயரும்தான் அவருடைய பிழைப்பு. இந்தத் தொகை எதை ஈடுகட்டும்?

அந்தப் பரிந்துரையைச் சட்டமாக்க வேண்டியது நாடாளுமன்றம். காரைக்காலையும் சேர்த்து நம் புதுச்சேரிக்கு மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அந்த 277ஆவது அறிக்கை என்னவாயிற்று என்று கேளுங்கள்.