பதிமுக வெள்ளமும் பிஎச் தாளும்

ஜூலை 12, சனி. காக்கநாடு, கொச்சி.

மழை விட்டதும் வீட்டுக்காரச் சேச்சியின் கிணற்றில் வாளி இறக்கினேன். மகனின் பள்ளி வேலைக்கு வாங்கிய பிஎச் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து நனைத்தால் மஞ்சள். அட்டை நிறத்தோடு வைத்துப் பார்த்தால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், அதாவது புளிப்பு நீர். குடிநீருக்கு இந்தியத் தரம் 6.5 முதல் 8.5 வரை. சேச்சி அசரவே இல்லை. "இவிடத்தெ வெள்ளம் இங்ஙனெயா மோளே." இங்கே தண்ணீரே இப்படித்தானாம்.

அது உண்மைதான். செம்புறாங்கல் மண்ணில் இருந்த சுண்ணாம்புச் சத்தையெல்லாம் மழை எப்போதோ அரித்துக்கொண்டு போய்விட்டது. மழைநீரே காற்றின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சுமார் 5.6 அளவில்தான் இறங்குகிறது. மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் விடுகிற வாயு வேறு சேர்கிறது. இந்தப் புளிப்பால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. எலுமிச்சைச் சாறு இரண்டை ஒட்டி நிற்கிறதே. ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு, 1909இல் வேதியியலாளர் சோரன்சென் வகுத்த கணக்கு. அடி வாங்குவது இரும்புக் குழாய்தான். சேச்சி வீட்டுத் தொட்டியில் குழாய்க்கு நேர் கீழே செம்பழுப்புக் கறை. அதற்காகத்தான் இங்கே கிணற்றில் கிளிஞ்சல் சுண்ணாம்பு போடுகிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு.

அடுக்களைச் சோதனை. வினிகர் சிவப்பு, சலவை சோடா நீலம். எதிர்பார்த்ததுதான். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி நனைத்தால் தாள் பச்சைக்கு, அதாவது நடுநிலைப் பக்கம், நகர்ந்தது. கரைந்திருந்த வாயு வெளியேறிவிட்டது. பிறகு பதிமுக வெள்ளம், இங்கே ஓட்டலில் உட்கார்ந்ததும் வைக்கிற, பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புக் குடிநீர். ஒரு டம்ளரில் எலுமிச்சை பிழிந்தேன், சட்டென்று மஞ்சள். இன்னொன்றில் சமையல் சோடா, கருஞ்சிவப்பு. மகன் தாளை விட்டுவிட்டு டம்ளர்களைப் பிடித்துக்கொண்டான். கடைத்தாளுக்கு எதற்குக் காசு!

ஜூலை 14, திங்கள்.

தாள் பச்சை காட்டினால் அப்படியே குடிக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கூடவே கூடாது. 2024 ஜூனில் இதே காக்கநாட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கானோர் வாந்திபேதியில் படுத்தார்கள். தண்ணீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா. கிருமி இருப்பது தாளுக்குத் தெரியாது. சேச்சியின் கிணற்றுக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருக்கிறது. மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். பழைய தண்ணீர் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போனால் செல்லாது, கிருமி நீக்கிய பாட்டில் வாங்கணும். செலவு பாதிப் பாதி என்று சேச்சியிடம் பேசியாயிற்று.