கடலுக்குள்ளும் 'ரிசர்வ்' முக்கியம்!

வேடசந்தூர் பக்கம் தாத்தா தோட்டத்துக் கிணற்றில், முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவள் அவள். திண்டுக்கல்லில் ஏது கடல்? ஆனாலும் ஸ்கூபா ஆசை விடவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பயிற்சிக்காகப் புதுச்சேரிக்குக் கிளம்பினாள்.

"கிணத்துல மூச்சு முட்டினா மேல வந்துரலாம். கடலுக்குள்ள காத்து தீர்றது எப்படிம்மா தெரியும்?" என்றார் அப்பா.

நியாயமான கேள்வி. வீட்டு கேஸ் சிலிண்டர் தீர்ந்தது அடுப்பு அணையும்போதுதான் தெரிகிறது. கடலுக்குள் அது நடக்கக் கூடாது. ஆழத்திலிருந்து சட்டென மேலே வருவதும் ஆபத்து. பழைய ஸ்கூபா செட்கள் பலவற்றில் பிரஷர் கேஜே கிடையாது. மூச்சிழுக்கச் சிரமமானால் ஒரு கம்பியை இழுப்பார்கள், மிச்சக் காற்று வரும். பைக் 'ரிசர்வ்' மாதிரி! கம்பி ஏற்கெனவே இழுபட்டிருந்தால் அதுவும் இருக்காது.

இப்போது கேஜ் முள்ளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. முழு டேங்க் சுமார் 200 பார், அதாவது கார் டயரைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தம். அதனால் கேஜ் குழாயை ரெகுலேட்டரில் 'எச்.பி' என்று குறித்த துளையில்தான் மாட்ட வேண்டும். வால்வைத் திறக்கும்போது கேஜின் கண்ணாடி யார் முகத்தையும் பார்த்து இருக்கக் கூடாது. வாங்குபவர்கள் பெரிய எண்கள், இருட்டில் ஒளிரும் முகப்பு, 50-க்குக் கீழே சிவப்புக் கோடு உள்ளதைப் பார்த்து வாங்கலாம்.

இரண்டாம் நாள், படகில் எல்லோரும் குதிக்கத் தயார். கற்றுத் தந்தபடி கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு முறை மூச்சிழுத்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி, மறுபடி ஏறியது. டேங்க் நிறைந்திருந்தது; வால்வுதான் முழுசாகத் திறக்கவில்லை. தன்னால் தாமதமாகிறதே என்று கூச்சம். ஆனாலும் கையை உயர்த்தினாள். பயிற்சியாளர் வால்வைத் திறந்துவிட்டார். முள் அசையாமல் நின்றது.

10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இருப்பதைப்போல இரு மடங்கு காற்று தேவை. கூச்சப்பட்டுப் பேசாமல் குதித்திருந்தால், அங்கேதான் திணறியிருப்பாள்.

அன்று 50 பாருக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே படகேறினாள். இரவு அப்பாவுக்கு போன்.

"மூச்சு முட்டுறதுக்கு முன்னாடியே முள்ளு சொல்லிடுதுப்பா. நாமதான் பார்க்கணும்."