ஏழு சென்டிமீட்டர்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போயிருக்கிறீர்களா? கழுத்தில் ஐ.டி. கார்டோடு கம்பெனி பஸ்களில் ஏறி இறங்கும் அத்தனை பேரும் ஏதோ ஒன்றை அளந்து அளந்து செய்கிறவர்கள். "அரை மில்லிமீட்டர் குறைஞ்சாலும் ரிஜெக்ட் சார். ஆனா, என் பொண்ணு வளரலைங்கறதை மட்டும் 'பாட்டி குள்ளம், அதான்'னு விட்டுட்டோம்" என்றார் அங்கே உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனை பார்க்கும் நண்பர்.

ஒன்பது வயது மகள். குரோமோசோம் டெஸ்ட்டில் வந்த பெயர், டர்னர் சிண்ட்ரோம்.

பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. இந்தக் குழந்தைகளுக்கு அதில் ஒன்று இருக்காது, அல்லது அரைகுறையாக இருக்கும். 1938-ல் அமெரிக்க டாக்டர் ஹென்றி டர்னர் இதை விவரித்தார். காரணம் குரோமோசோம்தான் என்று தெரிய 1959 ஆகிவிட்டது. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு வருகிறது. அம்மா பப்பாளி சாப்பிட்டதற்கும் கிரகணத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால், மற்ற பெண்களைவிட சுமார் 20 சென்டிமீட்டர் குறைவாக நின்றுவிடுவார்கள்.

அதற்குத்தான் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. தினமும் ராத்திரி, வருஷக்கணக்கில். நண்பரின் கேள்வி அங்கேதான் வந்தது: "ஊசி போட்டா சுகர் வரும்ங்கறாங்களே... நிறுத்திடலாமா?"

பி.காம். படித்தவனுக்கு எதையும் பேரேட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினால்தான் புரியும். எழுதிப் பார்ப்போம்.

பற்று: வளர்ச்சி ஹார்மோனும் இன்சுலினும் மாமியார் மருமகள் மாதிரி. ஒன்று இழுத்தால் மற்றது எதிர்ப்பக்கம் போகும். பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்ட நாய்கள் துளி இன்சுலினுக்கே துவண்டுபோவதைக் கண்ட அர்ஜென்டினா விஞ்ஞானி பெர்னார்டோ உசேய்க்கு 1947-ல் நோபல் கிடைத்தது. ஆக, ஊசி போடும் காலத்தில் அதே சர்க்கரையைச் சமாளிக்க உடம்பு கூடுதல் இன்சுலின் சுரக்க வேண்டும். போதாக்குறைக்கு, டர்னர் உள்ளவர்களுக்கு ஊசி போடாவிட்டாலும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே நண்பரின் பயம் வெற்றுப் பயமில்லை.

வரவு: இதே ஹார்மோன் கொழுப்பைக் கரைத்துத் தசையைக் கூட்டுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட டர்னர் பெண்களுக்கு, போடாதவர்களைவிட வயிற்றுக் கொழுப்பு குறைவு. சர்க்கரையைச் சமாளிக்கும் திறனும் மேல். ஊசியை முடித்ததும், ஏறிய இன்சுலின் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. உயரம்? 2005-ல் வெளியான கனடா ஆய்வுப்படி சுமார் 7 சென்டிமீட்டர் லாபம். சாதாரண உயரம் உள்ள நமக்கு இது அற்பம். பஸ் கம்பி எட்டாதவளைக் கேட்டுப் பாருங்கள்!

இருப்புக் கணக்கு என்ன சொல்கிறது? பயந்து நாமே நிறுத்தக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. பத்து வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரைப் பரிசோதனை. எடையில் ஒரு கண். ஓடியாட ஒரு மைதானம். இதயம், தைராய்டு பரிசோதனைகளையும் விடக்கூடாது. எப்போது முடிப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

"செலவு?" என்பீர்கள். அதிகம்தான். ஆனால், 2021-ன் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், டர்னருக்கான இந்த ஊசியும் இடம்பெற்றிருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் தயங்காமல் கேளுங்கள்.

என் கவலையெல்லாம் வேறு. நம் வீடுகளில் பெண் குள்ளமாக இருந்தால் யாரும் பதறுவதில்லை. "பதினஞ்சாச்சு, இன்னும் வயசுக்கு வரலையே" என்றுதான் பதறுகிறோம். முதலில் கோயில், அப்புறம் ஜோசியர், கடைசியில் டாக்டர். அதற்குள் எலும்பு வளர்கிற வயது ஓடிவிடுகிறது. அப்புறம் எத்தனை லட்சம் கொட்டினாலும் அந்த ஏழு சென்டிமீட்டர் வராது.

ஒரு பென்சில் போதும். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள், வாசல் நிலையில் குழந்தையை நிற்கவைத்துக் கோடு போடுங்கள். ஐந்து வயதுக்கு மேல் இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால், பாட்டி மேல் பழி போடாமல் குழந்தை டாக்டரிடம் போங்கள்.